கொலம்பியா ஆற்றங்கரைத் தண்டவாளமும் ஆளில்லாத படங்களும்

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றங்கரையில் 1867-இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற ஒளிப்படக்காரர் எடுத்த ‘செலைலோ அருகே கேப் ஹார்ன்’ என்ற படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இது: தண்டவாளம் இருக்கிறது, ரயில் இல்லை, ஆள் இல்லை, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, அந்த இடம் அன்று உண்மையிலேயே அவ்வளவு வெறுமையாக இருந்ததா, அல்லது அந்தப் பாதையைப் போட்ட கம்பெனிக்கு விளம்பரமாக அப்படி எடுத்துக் கொடுத்தாரா? கூடவே, அதே காலத்து ரயில்பாதைப் படம் ஒன்று ஓரிடத்தில் ஆல்ஃபிரட் ஹார்ட் என்ற இன்னொரு ஒளிப்படக்காரர் எடுத்தது என்றும் வேறோரிடத்தில் வாட்கின்ஸ் எடுத்தது என்றும் போட்டிருக்கிறதே, எதை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பழைய படம் ஒன்றைச் சான்றாக வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் பேசலாம்? கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதப் போவதாகவும் சொல்லியிருப்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கம். அந்த வெறுமைக்குக் காரணம் ஒன்றல்ல. மேகம் இல்லாததற்குப் பொறுப்பு முழுக்க முழுக்க ரசாயனம். அதில் வாட்கின்ஸின் எண்ணத்தைத் தேட வேண்டாம். நடமாடும் மனிதர்கள் காணாமல் போனதில் ரசாயனத்துக்கும் அவருடைய ரசனைக்கும் பங்குண்டு. ஆனால், நின்றுகொண்டிருக்கும் ரயிலோ, அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வந்த மக்களோ படத்தில் இல்லை என்றால், அந்தப் பழியை ரசாயனத்தின் தலையில் கட்ட முடியாது. இந்த மூன்றையும் கலந்து பேசுவதால்தான், ஒரு சாரார் இவரைக் கம்பெனியின் விளம்பரக்காரர் என்று ஒதுக்குவதும், மறு சாரார் கண்ணாடி போல உள்ளதை உள்ளபடி காட்டியவர் என்று கொண்டாடுவதும் நடக்கிறது. நான் வரலாற்றாசிரியன் அல்லன். பழைய ஒளிப்படங்களைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் பணியில் பல்லாண்டுகள் இருந்தவன். படம் பதிந்த இந்தக் கண்ணாடித் தகடுகள் எப்படித் தயாராயின என்று புரிந்துகொள்வதற்காக, மருந்து பூசிய கண்ணாடி காய்வதற்குள் படம் எடுக்கும் ஈரக் கொலோடியன் முறையைக் கற்றுக்கொண்டு, இன்றும் அவ்வப்போது செய்து பார்க்கிறவன். ஆகவே தகடு, மருந்து, தாள் பற்றி நான் சொல்வதைக் கைப்பழக்கத்திலிருந்து சொல்கிறேன். கம்பெனி, வழக்கு, கடன் பற்றிச் சொல்வதெல்லாம் ஆவணங்களைத் துருவியவர்கள் எழுதியதைப் படித்து அறிந்தவை.

வாட்கின்ஸ் 1829-இல் நியூயார்க் மாநிலத்தின் ஒனியோண்டா என்ற சிற்றூரில் பிறந்தவர். தங்கம் தேடி ஊரே கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய காலத்தில், 1851 வாக்கில் அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். அதே ஒனியோண்டாவிலிருந்து போன கடைக்காரர் காலிஸ் ஹண்டிங்டன், பின்னாளில், கண்டத்தைக் கடக்கும் பாதையின் மேற்குப் பகுதியைப் போட்ட சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயை நடத்திய நால்வரில் ஒருவரானார். இந்த ஊர்க்கார உறவு வாட்கின்ஸின் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது. 1861-இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு அவர் எடுத்துச் சென்ற பெரிய கேமராவில் 18 அங்குலத்துக்கு 22 அங்குல அளவுள்ள கண்ணாடித் தகடு பொருந்தும். அன்று நெகட்டிவிலிருந்து பெரிதாக்கி அச்சிடுவது நடைமுறையில் எளிதாக இல்லை. பெரிய படம் வேண்டுமென்றால் அதே அளவுக்குப் பெரிய தகடே வேண்டும். யோசெமிட்டிப் படங்கள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. 1867-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் நிலக்காட்சிப் படங்களுக்காக அவருக்குப் பதக்கம் கிடைத்தது; அதே ஆண்டில்தான் அவர் வடக்கே ஓரிகனுக்குக் கப்பலேறினார்.

கொலம்பியா ஆற்றங்கரைத் தண்டவாளம் என்றவுடன், கண்டத்தைக் கடக்கும் பெரிய ரயில்பாதை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நிலைமை வேறு. 1860-களில் அந்தப் பகுதியின் நெடுஞ்சாலை ஆறுதான். ஐடஹோ பக்கம் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், போர்ட்லாண்டிலிருந்து உள்நாட்டுக்கு ஆட்களும் சரக்கும் நீராவிப் படகுகளில் போயின. ஆனால் காஸ்கேட்ஸ் என்ற இடத்தில் ஆறு பாறைகளுக்கிடையே சீறிப் பாய்வதால் படகு மேலே ஏற முடியாது. அதற்கு மேல் டால்ஸ் முதல் செலைலோ அருவி வரை இன்னும் மோசம். இந்த இரண்டு இடங்களிலும் படகிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, கரை வழியே கொண்டுபோய், மேலே காத்திருக்கும் வேறொரு படகில் ஏற்ற வேண்டும். 1860-இல் உருவான ஓரிகன் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, இந்த இரண்டு தடைகளையும் கடக்க 1863-இல் இரண்டு குட்டி ரயில்பாதைகளைப் போட்டது. காஸ்கேட்ஸில் ஏறத்தாழ 6 மைல், டால்ஸிலிருந்து செலைலோவுக்கு ஏறத்தாழ 14 மைல். நீளம் இவ்வளவுதான், ஆனால் ஆற்றின் கழுத்தைப் பிடித்தாயிற்று. படகும் அவர்களுடையது, ரயிலும் அவர்களுடையது. கட்டணத்தை அவர்கள் வைத்ததே சட்டம். நீங்கள் பார்த்த படத்தில் இருக்கும் தண்டவாளம் அந்த 14 மைல் பாதையின் ஒரு துண்டு.

இனி அந்தத் தகட்டைப் பற்றி. நைட்ரோசெல்லுலோஸை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து, அயோடைடு, புரோமைடு உப்புகள் சேர்த்தால் கிடைப்பது கொலோடியன். கண்ணாடியை ஒரு கையால் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு, வடித்த கஞ்சி பதத்தில் இருக்கும் அந்தத் திரவத்தை நடுவில் ஊற்றி, தகட்டைச் சாய்த்துச் சாய்த்து நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தை ஒரு மூலை வழியாகப் புட்டிக்கே வடித்துவிட வேண்டும். தயங்கினால் வரி விழும். திரும்ப ஊற்றினால் திட்டாகும். என் உள்ளங்கை அளவுத் தகட்டிலேயே இது பிசகும். வாட்கின்ஸின் தகடோ இரண்டு கை கொள்ளாத கண்ணாடி. பூச்சு இறுகத் தொடங்கியதும் இருட்டில் சில்வர் நைட்ரேட் தொட்டியில் சில நிமிடம் முக்கி எடுத்தால், அது ஒளியை உணரும் தகடாகிறது. அந்தக் கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. தகடு காய்வதற்குள் கேமராவில் பொருத்தி, படம் எடுத்து, மறுபடி இருட்டுக் கூடாரத்துக்குள் ஓடி வந்து, இரும்பு சல்பேட் டெவலப்பரை ஒரே வீச்சில் தகடு முழுவதும் பரவும்படி ஊற்றி, கழுவி, நிலைப்படுத்த வேண்டும். வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் இதற்குக் கிடைக்கும் அவகாசம் பத்து நிமிடத்தை ஒட்டி இருக்கும். கொலம்பியாப் பள்ளத்தாக்கோ காற்றுக்குப் பேர்போன இடம். டால்ஸுக்கும் செலைலோவுக்கும் இடையே ஆற்று மணல் பறந்து வந்து தண்டவாளத்தையே மூடிவிடும், ஆள் வைத்து அள்ளிக் கொட்டினால்தான் ரயில் நகரும். அந்த மணலில் ஒரு பொடி ஈரத் தகட்டில் ஒட்டினாலும் படத்தில் ஒரு கரும்புள்ளியோ வெள்ளைப் புள்ளியோ விழும். வாட்கின்ஸின் பெரிய அச்சுகளைக் கிட்டே வைத்துப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது அழகு அல்ல. இவ்வளவு சுத்தமாக எப்படி எடுத்தார் என்கிற தொழில்காரன் பொறாமைதான்.

இந்தக் கொலோடியனுக்குக் கண் நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே திறந்திருக்கும். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை அதற்கு ஏறக்குறைய இருட்டு. நீல வானமும் வெள்ளை மேகமும் அதற்கு ஒன்றுபோலவே தெரியும். பாறையும் நிலமும் பதிவதற்கு வேண்டிய நேரம் திறந்து வைத்தால், அதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, நெகட்டிவில் கெட்டிக் கறுப்பாகி, அச்சில் வெறும் வெளிர் பரப்பாக நின்றுவிடும். ஆகவே அந்தப் படத்தின் வானத்தைப் பார்த்து, அன்று மேகமற்ற நாள் என்று எழுத முடியாது. மழை மேகம் திரண்டிருந்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் வந்திருக்கும். அந்தக் காலத்து ஒளிப்படக்காரர்கள் இதைச் சகிக்காமல் பல வழிகளைத் தேடினார்கள். எட்வர்ட் மைபிரிட்ஜ் மேகத்தைத் தனி நெகட்டிவாக எடுத்து நிலக்காட்சியோடு சேர்த்து அச்சிட்டார். நம் மதுரையையும் தஞ்சையையும் 1850-களின் இறுதியில் மெழுகுத் தாள் நெகட்டிவில் எடுத்த லின்னேயஸ் டிரைப், நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். அதுவும் வேறு மருந்துதான், ஆனால் வானத்தோடு அதே தொல்லை. வாட்கின்ஸ் பெரும்பாலும் வானத்தை அப்படியே விட்டுவிட்டார். விட்டதோடு நிற்காமல், அந்த வெளுத்த பரப்பையே ஒரு வடிவமாக வைத்துச் சட்டகத்தை அமைத்தார். வானம் வெளுத்தது ரசாயனத்தால். அந்த வெளுப்புக்குச் சட்டகத்தில் எவ்வளவு இடம் தருவது என்பது அவருடைய முடிவு. கரும்பாறை மேலும் கறுப்பாகவும், வானத்தைப் பிரதிபலிக்கும் ஆறு மேலும் வெளிறியும் தெரிவதற்கும் இதே நிறக்குருடுதான் காரணம். நேரில் அந்த இடத்தில் நின்றிருந்தால் பாறைக்கும் ஆற்றுக்கும் இவ்வளவு முரண் நம் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது நேரம். பெரிய தகட்டுக்கு நீளமான குவியத்தொலைவுள்ள லென்ஸ் வேண்டும். முன்னால் இருக்கும் கல்லும் தொலைவில் இருக்கும் மலையும் ஒருசேரத் தெளிவாக விழ வேண்டுமென்றால் அதன் துளையை மிகச் சிறிதாக்க வேண்டும். அப்போது மூடியைக் கழற்றி வைத்திருக்கும் நேரம் வினாடிகளைத் தாண்டி நிமிடங்களுக்குப் போய்விடும். காஸ்கேட்ஸ் சுழிகளில் தண்ணீர் பால்போல் மழுங்கியிருப்பதற்குக் காரணம் இதுவே. தண்டவாளத்தின் குறுக்கே ஒருவர் நடந்து போனால் சுவடே இருக்காது. ஆனால் நின்றால் விழுவார். உட்கார்ந்தால் இன்னும் நன்றாக விழுவார். நின்றுகொண்டிருக்கும் ரயில் பெட்டி, கட்டிப் போட்ட படகு, கிடங்கு எல்லாமே விழும். அதே பயணத்தில் செலைலோவில் இருந்த கம்பெனியின் கட்டடங்களையும் காஸ்கேட்ஸ் துறையில் நின்ற நீராவிப் படகையும் அவர் பெரிய தகட்டில் எடுத்திருப்பதே இதற்குச் சாட்சி. ஆகவே ‘அந்தக் காலத்துக் கேமராவால் அசைவதை எடுக்க முடியாது, அதனால்தான் ரயில் இல்லை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ரயில் வேண்டும் என்று நினைத்திருந்தால், நிறுத்திவைத்து எடுத்திருக்கலாம்.

ஏன் நினைக்கவில்லை? இங்கேதான் கம்பெனி வருகிறது. இந்த 1867 பயணத்தில் அவர் ஏறத்தாழ நான்கு மாதம் ஓரிகனில் இருந்து, அறுபதை ஒட்டிய பெரிய தகடுகளும் ஸ்டீரியோ எனப்படும் சிறிய இரட்டைப் படங்கள் நூற்றுக்கு மேலும் எடுத்தார். அவர் போன வழி, கம்பெனியின் படகும் ரயிலும் போகும் வழியேதான். பல நூறு கிலோ கண்ணாடி, மருந்து, தொட்டி, கூடாரம் ஆகியவற்றை அந்தப் பாதையில் அவர்களுடைய ஒத்துழைப்பில்லாமல் கொண்டுபோக வழியில்லை. இதுவரை உறுதி. ஆனால் கம்பெனி பணம் கொடுத்து இன்னின்ன படம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியதா, இலவசப் பயணம் மட்டும் தந்ததா, எடுத்தபின் பிரதிகளை வாங்கிக்கொண்டதா என்பதில் எழுதியவர்கள் ஒருமித்துப் பேசவில்லை. வாட்கின்ஸின் கணக்குப் புத்தகங்களும் கடிதங்களும் பெரும்பாலும் 1906-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் போய்விட்டன. அந்த இடைவெளியை ஊகத்தால்தான் நிரப்புகிறார்கள். ‘கம்பெனி அமர்த்திய ஒளிப்படக்காரர்’ என்று எங்காவது பார்த்தால், அதை ஒரு நியாயமான ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், கூலி கொடுத்தார்களா என்ற கேள்வியே சற்றுப் பக்கவாட்டில் போகிறது. அவர் முக்காலியை ஊன்றிய இடங்களைத் தீர்மானித்தது பாதை. படகும் ரயிலும் நிற்கும் இடத்தில்தான் அவராலும் நிற்க முடிந்தது. அந்தக் கட்டுப்பாடு எந்த ஒப்பந்தத்தையும் விடப் பலமானது.

இப்போது படத்துக்கே வாருங்கள். அச்சு ஏறத்தாழ 40 செ.மீ.க்கு 52 செ.மீ.; முட்டை வெண்கரு பூசிய அல்புமின் தாளில், நெகட்டிவை நேரடியாக ஒட்டிவைத்து வெயிலில் அச்சிட்டு, தங்க குளோரைடில் நிறமேற்றியது. திரையில் பார்க்கும்போது இந்த அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை, அது ஒரு பெரிய இழப்பு. தண்டவாளம் சட்டகத்தின் அடிவிளிம்பிலிருந்து, நம் காலடியிலிருந்தே புறப்படுவது போலக் கிளம்பி, கரும்பாறையின் அடிவாரத்தை ஒட்டி வளைந்து, தூரத்தில் நூலாக மறைகிறது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறுபக்கம் ஆறும் அதன் அக்கரையும். முழுப் படத்திலும் மனிதன் செய்தது அந்த இரண்டு இரும்புக் கோடும் அதைத் தாங்கும் படுகையும் மட்டுமே. இதில் ஒரு எஞ்சினை நிறுத்தியிருந்தால் நம் கண் அங்கே போய்க் குத்திட்டு நின்றிருக்கும். அதற்கு அப்பால் போயிருக்காது. எஞ்சின் இல்லாததால் கண் தண்டவாளத்தின் மேலேயே ஓடி மறைவிடம் வரை போகிறது. விளம்பரம் என்ற கோணத்தில் பார்த்தாலும், ‘வழி திறந்திருக்கிறது’ என்று சொல்ல எஞ்சினை விட இந்தக் காலிப் பாதையே நல்ல வாசகம். வாட்கின்ஸ் அப்படி நினைத்து எடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கோடுகளைச் சட்டகத்தில் எப்படி நிறுத்துவது என்பதில் அவருக்கிருந்த பிடிவாதத்தை அவருடைய யோசெமிட்டிப் படங்களிலும் பார்க்கலாம், அங்கே விற்க வேண்டிய ரயில் எதுவும் இல்லை.

எல்லா வெறுமையும் ஒரே வகையல்ல என்பதற்கு அதே பயணத்திலிருந்து இன்னொரு உதாரணம். காஸ்கேட்ஸின் தென்கரையில், ஓரிகன் பக்கம், பாறையை ஒட்டிப் போகும் மரப்பாலம் ஒன்றை அவர் எடுத்திருக்கிறார். ‘டூத் பிரிட்ஜ்’ என்று அதற்குப் பெயர். அங்கும் ரயில் இல்லை. ஆனால் அதற்குக் காரணம் எளிது. தென்கரைப் பாதை போட்டிக்காரர்கள் போட்டது; கம்பெனி அதை வாங்கிக்கொண்டு, தன்னுடைய புதிய பாதையை வடகரையில் திறந்ததும் போக்குவரத்தை அங்கே மாற்றிவிட்டது. வாட்கின்ஸ் போன 1867-இல் அந்த மரப்பாலம் தன் வேலையைப் பெருமளவு இழந்திருந்தது. இதே தென்கரையில் 1862-இல் ஓடிய ‘ஓரிகன் போனி’ என்ற சிறிய எஞ்சின்தான் அந்த வட்டாரத்தின் முதல் நீராவி எஞ்சின். வாட்கின்ஸ் வருவதற்கு முந்திய ஆண்டே அது சான் பிரான்சிஸ்கோவுக்கு விற்கப்பட்டு, தெருக்களின் மேடு பள்ளம் நிரவும் வேலைக்குப் போய்விட்டது. எனவே ஆர்வத்தில் இந்தப் படங்களின் கீழே ‘ஓரிகன் போனி ஓடிய காட்சி’ என்று எழுதிவிடாதீர்கள். எஞ்சின் இன்று காஸ்கேட் லாக்ஸ் ஊரில் பார்வைக்கு இருக்கிறது. அங்கே போகிறவர்கள் இந்தப் பிழையை உடனே பிடித்துவிடுவார்கள்.

மக்கள் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரைக்கு இதுதான் முக்கியம். செலைலோ வெற்றிடமாக என்றுமே இருந்ததில்லை. அருவியில் ஏறும் சால்மன் மீனைப் பாறை விளிம்பில் மேடை கட்டி நின்று வலையால் அள்ளுவதும், காய வைத்துப் பொடித்துச் சேமிப்பதும், தொலைவிலிருந்து வருகிறவர்களோடு பண்டமாற்றுச் செய்வதும் அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்து வந்தவை. வாஸ்கோ, விஷ்ரம், யாக்கமா, உமட்டில்லா முதலிய மக்கள் 1855-இல் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் பெரும் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அது எழுதப்பட்டு எட்டே ஆண்டில் அந்தக் கரையில் தண்டவாளம் வந்தது. பன்னிரண்டாம் ஆண்டில் வாட்கின்ஸ் வந்தார். அவருடைய பெரிய தகடுகள் அந்த மக்களைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று சொல்லலாம். காஸ்கேட்ஸில் 1856-இல் நடந்த மோதலின் நினைவாக நின்ற காவல் மரக்கோட்டையை எடுத்திருக்கிறார். யாரிடமிருந்து காத்துக்கொள்ள அந்தக் கோட்டையோ, அவர்கள் சட்டகத்துக்கு வெளியே. நின்று காட்டச் சொன்னால் நின்றிருக்கக்கூடியவர்களை இவ்வளவு முழுமையாக விட்டிருப்பதைத் தற்செயல் என்று நான் ஏற்கமாட்டேன். அதே நேரத்தில் இதை ஒரு தனி மனிதரின் வன்மமாகவும் பார்க்கவில்லை. நிலக்காட்சி என்ற பெயரில் பெரிய படம் வாங்கிச் சுவரில் மாட்டும் சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் வாடிக்கையாளர் எதை எதிர்பார்த்தாரோ அதைத்தான் அந்தத் தகடு தந்தது. ஆளில்லாத ஆற்றங்கரை, வந்து குடியேறச் சொல்லும் ஆற்றங்கரை.

சிறிய ஸ்டீரியோ படங்களைப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். இரண்டு சிறு படங்களை அருகருகே வைத்து, கருவி வழியே பார்த்தால் ஆழம் தெரியும் வகை அது. தகடு சிறிது, லென்ஸின் குவியத்தொலைவு குறைவு, ஆகவே நேரமும் குறைவு. மனிதர்களை எடுப்பது எளிது. விலை மலிவு என்பதால் வாங்குகிறவர்களும் வேறு. சென்ட்ரல் பசிபிக் பாதை சியரா நெவாடா மலையைக் குடைந்து ஏறிய 1860-களில் அதன் ஒளிப்படக்காரராக இருந்த ஆல்ஃபிரட் ஹார்ட் எடுத்தவை ஸ்டீரியோ படங்கள். சுரங்க வாயிலிலும் மண் வெட்டும் இடத்திலும் வேலை செய்யும் சீனத் தொழிலாளர்கள் அவற்றில் தெளிவாக இருக்கிறார்கள். அந்தப் பாதையைப் போட்டவர்களில் பெரும்பான்மையினர் அவர்களே. ஆனால் 1869 மே 10 அன்று யூட்டாவின் புரமாண்டரியில் அந்தப் பாதையும் கிழக்கிலிருந்து வந்த பாதையும் இணைந்தபோது ஆண்ட்ரூ ரசல் பெரிய தகட்டில் எடுத்த, எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் அந்தக் கைகுலுக்கல் படத்தில் சீனத் தொழிலாளரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். விழாவுக்குப் பெரிய தகடு, வேலைக்குச் சிறிய தகடு என்று ஏறக்குறைய ஒரு பங்கீடே இருந்தது. ஆகவே பெரிய அச்சுகளை மட்டும் வைத்து ‘அந்தக் காலத்து ஒளிப்படங்கள்’ என்று பொதுவாக முடிவு கட்டாதீர்கள். வாட்கின்ஸின் ஓரிகன் ஸ்டீரியோ படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஹார்ட்டைச் சொன்னதும் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்தாயிற்று. நீங்கள் பார்த்த இரண்டு பெயர்களுக்கும் காரணம் உண்டு. சென்ட்ரல் பசிபிக்குடன் ஹார்ட்டின் தொடர்பு முடிந்தபின், 1870 வாக்கில் அவருடைய நெகட்டிவுகள் வாட்கின்ஸின் கைக்கு வந்தன. வாட்கின்ஸ் அவற்றிலிருந்து அச்சிட்டு, தன் பெயர் போட்ட அட்டையில் ஒட்டி விற்றார். அன்று நெகட்டிவ் யாரிடம் இருக்கிறதோ அவர் பெயர் போடுவது வழக்கத்துக்கு விரோதமில்லை. இருந்தாலும் எடுத்தவர் ஹார்ட்தான். 1860-களின் கட்டுமானக் காட்சி, சென்ட்ரல் பசிபிக் பாதை, ஸ்டீரியோ அட்டை, கீழே வாட்கின்ஸ் பெயர் என்ற நான்கும் சேர்ந்து வந்தால், முதலில் ஹார்ட்டைச் சந்தேகியுங்கள். சில ஆண்டுகளில் இதே அடி வாட்கின்ஸுக்கும் விழுந்தது. 1870-களின் நடுவில் வந்த பொருளாதாரச் சரிவில் கடன் கட்ட முடியாமல், சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தன் யோசெமிட்டி கலைக்கூடத்தையும் அதிலிருந்த நெகட்டிவுகளையும் இழந்தார். அவை கடன் கொடுத்தவர் வழியாக ஐசயா டேபர் என்ற ஒளிப்படக்காரரிடம் போய்ச் சேர, டேபர் அவற்றைத் தன் பெயரில் அச்சிட்டு விற்றார். வாட்கின்ஸ் ஐம்பதை நெருங்கும் வயதில், பழைய இடங்களுக்கே மறுபடி போய், ‘புதிய வரிசை’ என்று பெயரிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கத் தொடங்கினார். அதனால் ஒரே இடத்துக்கு 1860-களின் படமும் 1880-களின் படமும் இருக்கின்றன. தேதியைக் கவனிக்காமல் கலந்துவிடுவது எளிது. கொலம்பியாவுக்கு அவர் 1880-களில் திரும்பிப் போனபோது குட்டிப் பாதைகளின் காலம் முடிந்து, தென்கரை நெடுகத் தொடர்ச்சியான ரயில்பாதை வந்துவிட்டது. 1883-இல் நார்தர்ன் பசிபிக் என்ற கண்டம் கடக்கும் ரயில்பாதையின் இணைப்பும் முடிந்தது. தண்டவாளத்தோடு இருக்கும் கொலம்பியாப் படம் என்றால், எந்தத் தண்டவாளம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில்வேக்காரர்களின் தயவு அவருடைய வாழ்க்கையில் கடைசி வரை இருந்தது, போதுமான அளவில் அல்ல. 1870-களில் யூட்டா பக்கம் போனபோது அவருடைய வண்டியை ரயில் பெட்டியில் ஏற்றிக்கொள்ள இடம் கிடைத்தது. 1890-களில் கண் மங்கி, வாடகை கொடுக்க முடியாமல், மனைவி மக்களோடு பழைய ரயில் பெட்டி ஒன்றில் மாதக்கணக்கில் குடியிருந்தார். பிறகு ஹண்டிங்டன் ஒரு சிறிய பண்ணையை எழுதிக் கொடுத்தார். 1906 ஏப்ரலில் நிலநடுக்கத்தோடு அவருடைய ஸ்டுடியோவும் போனது. டேபரின் ஸ்டுடியோவும் அதே தீயில் அழிந்தது. 1867 கொலம்பியா நெகட்டிவுகள் இன்று நம்மிடம் இல்லை, நாம் பார்ப்பதெல்லாம் அன்று விற்றுப்போன அச்சுகள். 1910-இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1916-இல் அங்கேயே இறந்தார்.

இந்த வாழ்க்கையைச் சுற்றிக் கதைகளும் படர்ந்திருக்கின்றன. கட்டுரையில் சேர்க்கும்போது கவனம் தேவை. அவருடைய யோசெமிட்டிப் படங்களைப் பார்த்துத்தான் லிங்கன் 1864 ஜூன் 30 அன்று அந்தப் பள்ளத்தாக்கைக் காக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார் என்பது அதிலொன்று. படங்கள் அப்போது கிழக்கே பரவலாக அறியப்பட்டிருந்தன என்பது சரி. லிங்கன் பார்த்தார், அதனால் முடிவு செய்தார் என்பதற்கு நேரடிச் சான்று காட்டியவர் இல்லை. கொலம்பியாப் பள்ளத்தாக்கில் உள்ள ஒனியோண்டா என்ற மலையிடுக்குக்குத் தன் சொந்த ஊரின் பெயரை வாட்கின்ஸ்தான் வைத்தார் என்பது மற்றொன்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘ஒனியோண்டா’ என்ற பெயரில் அந்தக் கம்பெனியின் நீராவிப் படகு ஒன்று 1863-இலிருந்தே அந்த ஆற்றில் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் படகிலிருந்து வந்ததா, வாட்கின்ஸிடமிருந்து வந்ததா என்று இரண்டு பக்கமும் வாதிக்கலாம். முடிந்த வழக்காக எழுத வேண்டாம்.

இவ்வளவு எச்சரித்த பிறகு, இந்தப் படங்கள் எதற்குச் சான்று என்றும் சொல்ல வேண்டும். ஆற்றின் கோட்டுக்கு, பாறையின் அடுக்குக்கு, நீர்மட்டத்துக்கு, கட்டுமான முறைக்கு இவற்றைவிட நம்பகமான சாட்சி அந்தக் காலத்திலிருந்து அதிகம் இல்லை. பெரிய தகட்டிலிருந்து நேரடியாக அச்சானதால், பூதக்கண்ணாடியை வைத்தால் மரப்பாலத்தின் முட்டுக்கட்டைகளையும் கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளையும் எண்ணலாம். அதோடு, அந்த ஆறு இன்று அங்கே இல்லை. 1938-இல் பான்வில் அணை முடிந்ததும் காஸ்கேட்ஸ் சுழிகள் நீரில் மூழ்கின. 1957 மார்ச் 10 அன்று டால்ஸ் அணையின் கதவுகளை மூடிய சில மணி நேரத்தில் செலைலோ அருவி தேங்கிய நீருக்கடியில் போனது. மீன் பிடித்து வந்த மக்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாட்கின்ஸ் எடுத்தபோது ஆற்றில் ஓர் அணையும் இல்லை.

உங்கள் கட்டுரைக்குப் படத்தைப் போடும்போது கீழே இப்படி எழுதினால் போதும்: செலைலோ அருகே கேப் ஹார்ன், கொலம்பியா ஆறு, ஓரிகன், கார்ல்டன் வாட்கின்ஸ், 1867, அல்புமின் அச்சு, டால்ஸ்–செலைலோ ரயில்பாதை, ஓரிகன் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. கேப் ஹார்ன் என்ற பெயரில் அதே ஆற்றில், காஸ்கேட்ஸுக்குக் கீழே, வேறொரு பாறைமுனையும் இருக்கிறது. அதையும் வாட்கின்ஸ் எடுத்திருக்கிறார். ‘செலைலோ அருகே’ என்ற சொற்களை விட்டுவிட்டால் உங்கள் வாசகர் தேடும்போது தண்டவாளமே இல்லாத அந்தப் படத்துக்குப் போய்விடுவார்.